மணிக்கு நூறு ராண்ட்: முகாமில் நாய்க்குத் தனிக் கட்டணம் ஏன்?

தீபாவளியன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் உண்டு. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்று. இந்த ஊர்ப் பழக்கப்படி அதில் சாமி வேறுபாடு பார்ப்பதில்லை. முஸ்லிம் வீட்டுக்கும் போகும், கிறிஸ்தவர் வீட்டுக்கும் போகும். இரண்டாவது வேலை, பொழுது சாய்வதற்குள் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவது.

எங்கள் நாய் மணிக்கு வெடிச்சத்தம் ஆகாது. முதல் சரம் வெடித்ததும் குளியல் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற ஒரு சாண் இடைவெளியில் போய் நுழைந்துகொள்வான். மறுநாள் மதியம்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வின் காப்பகத்திலிருந்து எடுத்துவந்த நாட்டு நாய் அவன். இங்கே அந்த இனத்துக்கு ஆஃப்ரிகானிஸ் என்று பெயர். மெலிந்த உடம்பு, சுருண்ட வால், பழுப்பு நிறம். மதுரைத் தெரு ஒன்றில் கொண்டுபோய் விட்டால் யாரும் வெளிநாட்டு நாய் என்று சொல்ல மாட்டார்கள். வருடா வருடம் தீபாவளியை ஒட்டி இங்கே வெடி போடுகிறவர்களுக்கும் நாய் வளர்க்கிறவர்களுக்கும் ஒரு சண்டை நடக்கும். நான் இரண்டு கட்சியிலும் இருப்பதால் மலைப்பக்கம் போய்விடுகிறேன்.

முதல் வருடம் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு கேரவன் பார்க்கில் (வண்டியில் இழுத்துப்போகிற வீட்டையோ கூடாரத்தையோ நிறுத்தித் தங்குகிற முகாம்) இணையத்தில் இடம் பிடித்தோம். நண்பர் ஒருவர் கேரவனை இரவல் கொடுத்திருந்தார். வாசலில் குறுக்குக் கம்பம். வரவேற்பறையிலிருந்து வந்த அம்மா ஆட்களை எண்ணினார், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். பின் கண்ணாடி வழியாக மணி தலையை நீட்டினான். அவர் பேனாவை மறுபடி எடுத்தார். நாய்க்கு ஒரு இரவுக்கு நூறு ராண்ட், இரண்டு இரவுக்கு இருநூறு, கார்டா ரொக்கமா என்று கேட்டார்.

அன்றைக்கு இரவு ஊரிலிருக்கிற அத்தை மகனுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன்: "மணிக்கு நூறு ராண்ட் வாங்கிட்டாங்கடா." உடனே பதில் வந்தது: "மணிக்கு நூறுன்னா ரெண்டு நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு ஆச்சே மாமா, அது என்ன நாயா, டாக்ஸியா?"

சிரித்து முடித்த பிறகும் கேள்வி போகவில்லை. இந்த நூறு ராண்ட் எதற்கு? மணி கேரவனுக்குள் எங்கள் காலடியில்தான் படுக்கிறான். மின்சாரம் எடுப்பதில்லை, வெந்நீரில் குளிப்பதில்லை. அவன் சாப்பாடு எங்கள் வண்டியில் வந்தது. அப்புறம் எதற்குக் காசு?

இந்த நாட்டில் முகாம்களின் விலை எப்படிப் போடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விற்பனைக்கு வைப்பது 'ஸ்டாண்ட்': ஒரு கூடாரமோ கேரவனோ நிறுத்துகிற இடம், ஒரு மின்செருகி, பிராய் போட (கரியில் இறைச்சி சுட) ஓர் அடுப்பு, பொதுக் குளியலறை, கழிப்பறை. சில இடங்களில் ஸ்டாண்டுக்கு ஒரே விலை, ஆறு பேர்வரை தங்கலாம். சில இடங்களில் ஆளுக்கு இவ்வளவு. தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் போன்ற அமைப்புகளில் முதல் இருவருக்கு ஓர் அடிப்படை விலை, மேற்கொண்டு வரும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம். நாய்க் கட்டணம் இந்த மூன்றில் எதன்மேல் ஏறி உட்காருகிறது என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும்.

கணக்குக்காக உருண்டையான எண்களை வைத்துக்கொள்வோம். ஸ்டாண்ட் ஓர் இரவுக்கு 450 ராண்ட், ஆறு பேர்வரை. நாய்க்கு 100. கணவன், மனைவி, இரண்டு நாய்கள் மூன்று இரவு தங்கினால் ஸ்டாண்டுக்கு 1,350, நாய்களுக்கு 600, ஆக 1,950. பக்கத்து ஸ்டாண்டில் ஆறு பேர், அதில் நான்கு பேர் பிள்ளைகள், காலை ஐந்து மணிக்கே பந்து உதைக்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு 1,350 மட்டும். நாய் வைத்திருக்கிறவனுக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடத்தில் அதே நூறு ராண்ட் இவ்வளவு உறுத்தாது. அங்கே நாயும் ஒரு தலை, அவ்வளவுதான்.

கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில், "சுத்தம் செய்கிற செலவு." நானும் முதலில் அதைத்தான் நம்பினேன். 2025 மார்ச் 1இல் இந்த நாட்டின் தேசியக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 28.79 ராண்ட் (இது நிஜமான மணிக்கு) ஆக்கினார்கள். ஒருவர் தினமும் நான்கு மணி நேரம் நாய்க் கழிவு பொறுக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்று வைத்தாலும் கூலி 115 ராண்ட் சொச்சம். அந்த வார இறுதியில் எங்கள் முகாமில் நான் எண்ணிய நாய்கள் மட்டும் பதினேழு. ஓர் இரவு வசூல் 1,700. சுத்தத்துக்கு என்றால் அந்தப் புல்வெளி கோயில் பிரகாரம் மாதிரி இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை நான் பார்த்த புல்வெளி அப்படி இல்லை. கழிவு அள்ளுகிற பை வைக்கும் பெட்டியும் காலியாகத் தொங்கியது.

கூலி தவிர்த்த செலவுகளும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நாய் குழி தோண்டும். தடைசெய்திருந்தாலும் குளியலறையில் நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. வடிகால் முடியால் அடைத்துக்கொள்ளும். இரவில் குரைத்தால் பக்கத்து ஸ்டாண்டுக்காரர் காலையில் வரவேற்பறைக்கு வந்து நிற்பார். அவரைச் சமாதானப்படுத்த ஓர் இரவு வாடகையைத் திருப்பிக் கொடுத்தால் நான்கைந்து நாய்களின் கட்டணம் போய்விடும்.

அப்புறம் உண்ணி. தென்னாப்பிரிக்காவில் நாய் வளர்க்கிற எவருக்கும் 'பிலியரி' என்ற சொல் தெரியும். மஞ்சள் நாய் உண்ணி கடித்து, பபேசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்துக்குள் போய், சிவப்பணுக்களை உடைக்கிற காய்ச்சல் அது. இங்கே காணப்படும் வகை மற்ற நாடுகளில் இருப்பதைவிடக் கடுமையானது. இரண்டாவது தீபாவளிப் பயணம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் மணி சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு, வழக்கமான இளஞ்சிவப்பு போய், சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. சிறுநீர் காப்பி டிகாஷன் நிறம். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். அந்த ஒரு பில், அதுவரை நாங்கள் கட்டிய எல்லா நாய்க் கட்டணங்களையும் சேர்த்தாலும் எட்டாத தொகை. முகாமைக் குற்றம் சொல்ல முடியாது. உண்ணி மருந்து தேய்க்க மறந்தது நான். ஆனால் ஒரு நாயிலிருந்து விழுந்த உண்ணி புல்லில் முட்டையிட்டு, அடுத்தடுத்த மாதங்களில் வருகிற நாய்களுக்காகக் காத்திருக்கும். புல்லை ஒட்ட வெட்டி மருந்தடிக்கிற முகாம்காரருக்கு அது உண்மையான செலவு.

சரி, இதையெல்லாம் கூட்டினாலும் கணக்கு நூறு ராண்டுக்கு வருவதில்லை. மீதிக்கு என்ன விளக்கம்?

என் கணிப்பில் அந்த விலையைத் தீர்மானிப்பது முகாமின் செலவை விட, வீட்டில் நமக்கிருக்கும் மாற்று வழி. நாயைக் கூட்டிப்போகவில்லை என்றால் காப்பகத்தில் விட வேண்டும், அல்லது வீட்டில் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஆகும். முகாம்காரருக்கு அந்த விலை நன்றாகத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் கீழே தன் கட்டணத்தை வைப்பார். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவோம், ஏனென்றால் அப்போதும் நமக்கு லாபம்தான். நாயும் கூடவே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் காப்பகங்கள் விலையேற்றிய அடுத்த பருவத்தில் முகாம்களும் ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

இன்னொரு சாட்சி டிசம்பர். இங்கே அது கோடை. பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஜோகன்னஸ்பர்க்கே காலியாகி எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரைக்கு வந்துவிடும். அந்த மூன்று வாரமும் ஈஸ்டர் வாரமும், வருடம் முழுக்க நாயைச் சிரித்துக்கொண்டே வரவேற்ற முகாம்கள் பல கதவைச் சாத்திவிடும். 'இந்தப் பருவத்தில் நாய் கூடாது' என்று ஒரு வரி. செலவுதான் காரணம் என்றால் டிசம்பரில் நூறை இருநூறாக்கினால் போதுமே? அவர்களுக்கு அப்போது நாய்க்காரர் தேவையில்லை. இடம் எப்படியும் நிரம்பிவிடும். கூட்டமில்லாத மாதங்களில்தான் நாங்கள் தேவை. அப்போதும் எல்லோரும் மூன்று மூன்று நாய்களோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விலை. ஆக இது பெரும்பாலும் கூட்டத்தை அளந்து விடுகிற மடை.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் அப்படியென்று வெளிப்படையாகச் சொல்வதில்லை, சுத்தத்துக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் வினை தொடங்குகிறது.

அந்த முதல் முகாமில் இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு மணியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். எதிரே ஒரு பெரியவர், கையில் காப்பிக் கோப்பை, முன்னால் கயிறில்லாமல் ஒரு குட்டை நாய். அது பாதையோரத்தில் உட்கார்ந்து வேலையை முடித்தது. அவர் நின்று பார்த்தார், பிறகு நடக்கத் தொடங்கினார். என் கையில் இருந்த பையை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. பிரியமாகவே சொன்னார், அதற்குத்தான் தினம் நூறு ராண்ட் கட்டுகிறோமே, தம்பி, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. பிள்ளையை நேரம் கழித்து அழைக்க வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறிய அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடியது. முன்பு ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், காசு கட்டியதும் அதை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை. அந்தப் பெரியவரின் காப்பிக் கோப்பையைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. கட்டணத்துக்குச் சுத்தம் என்று பெயர் வைத்தால், அள்ளாமல் போகிற உரிமையையும் சேர்த்து விற்றதாக ஆகிவிடுகிறது.

வரி போட்ட ஊர்

டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், இன்னும் தமிழ் பேசுகிறவர். கரும்புத் தோட்டக் கூலியாக வந்த குடும்பத்தில் நான்காம் தலைமுறை. நாய்க் கட்டணக் கதையைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்களையே உள்ள விடாத எடம் தம்பி அது. இப்ப ஒங்க நாயக்கூட விடுறான். காசு கேக்குறான், கேக்கட்டுமே!"

அவர் சொன்னது மிகையில்லை. 1953இல் வந்த தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் கடற்கரை, பூங்கா, குளியலறை என்று எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது. 1990இல்தான் அதை நீக்கினார்கள். கேரவனை இழுத்துக்கொண்டு தெற்குக் கடற்கரைக்குப் போகிற பழக்கம் வெள்ளைக் குடும்பங்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம். நம்மவர்களுக்கு அது ஒரு தலைமுறைக் கதை. அதனால்தானோ என்னவோ, முகாம் விதிகளை அவர்கள் வீட்டு வழக்கம்போல எடுத்துக்கொள்கிறார்கள்; நாம் ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்கிறோம்.

காசு ஒன்றுக்கு, காரணம் இன்னொன்று என்பது இந்த மண்ணில் பழைய கதை. கூலி ஒப்பந்தம் முடிந்து தங்கிவிட்ட இந்தியர்கள் தலைக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும் என்று நட்டாலில் 1895இல் சட்டம் செய்தார்கள். கஜானாவை நிரப்புவதைவிட, கட்ட முடியாமல் மறுபடி ஒப்பந்தத்தில் விழட்டும் அல்லது கப்பலேறட்டும் என்பதுதான் எண்ணம். 1914இல்தான் அது ஒழிந்தது. நாய்க்கே வரி போட்டு ரத்தம் சிந்திய கதையும் உண்டு. அன்று தென்னாப்பிரிக்காவின் பொறுப்பில் இருந்த, இன்றைய நமீபியாவில், பொண்டல்ஸ்வார்ட்ஸ் மக்கள் நாயை வைத்து வேட்டையாடிப் பிழைத்தவர்கள். நாய் வரி கூடினால் வேட்டை படுக்கும், பண்ணைக் கூலிக்கு வந்தாக வேண்டும். அவர்கள் எதிர்த்து எழுந்தபோது 1922இல் ஆட்சி விமானத்திலிருந்து குண்டு வீசியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

ஒரு முகாமின் நூறு ராண்டை இவற்றோடு ஒப்பிடுவது அபத்தம் என்று எனக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் நான் வேறு முகாமுக்குப் போகலாம். ஆனாலும் அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பில் இதெல்லாம் கொஞ்சம் இருந்தது.

காசு கொடுத்தாலும் கிடைக்காத இடங்கள்

க்ரூகர் பூங்காவுக்கு மணியைக் கூட்டிப்போக எவ்வளவு ஆகும் என்று என் மகள் கேட்டாள். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது. தேசியப் பூங்காக்களில் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. கேப் டவுனில் டேபிள் மலைப் பூங்காவின் சில நடைபாதைகள் போன்றவை விதிவிலக்கு, அங்கேயும் அனுமதி அட்டை வாங்க வேண்டும். எங்கள் மாகாணத்து வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோவின் காப்பகங்களிலும், டிராகன்ஸ்பர்க் உயரத்தில் இருக்கிற அவர்களுடைய முகாம்கள் உட்பட, நாய் கூடாது. செயின்ட் லூசியா பக்கம் இசிமங்கலிசோ பூங்காவிலும் கூடாது. அங்கே இரவில் நீர்யானை புல்மேய வெளியே வரும், நாய்க்கே அது நல்லதல்ல.

முக்கியக் காரணம் நோய். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களுக்குள் புகுந்து, ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் இறந்தன. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு. வைரஸ் வந்த வழி, பூங்காவைச் சுற்றியுள்ள கிராமத்து நாய்கள். க்ரூகரில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த இனம். கூட்டமாகப் படுத்து, கூட்டமாக நக்கி, கூட்டமாகத் தின்னும். ஒன்றுக்கு வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் வரும். இப்படிப்பட்ட ஆபத்துக்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாது. நாயைக் கண்டால் ஆகாது என்பதல்ல: காண்டாமிருகக் கொம்பு திருடுகிறவர்களைப் பிடிக்க அதே க்ரூகரில் மோப்ப நாய்கள் வேலை செய்கின்றன. பதிவு, ஊசி, பயிற்சி எல்லாம் இருக்கிற நாய்கள்.

நம் கதைகளிலும் தருமரைச் சொர்க்க வாசலில் நிறுத்தி, நாய்க்கு மட்டும் உள்ளே இடமில்லை என்றுதான் சொன்னார்கள். கட்டணம் கட்டி உள்ளே வரலாம் என்று இந்திரனுக்குத் தோன்றவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

கட்டணம் வாங்குவது சட்டப்படி சரியா? சரிதான். தனியார் நிலம்; நாயை ஏற்கலாம், மறுக்கலாம், விலை போடலாம். ஒரே பெரிய விதிவிலக்கு வழிகாட்டி நாய். மாற்றுத்திறனாளி ஒருவர் சமூகத்தில் இயங்கத் தேவையான துணை வசதியை மறுப்பது நியாயமற்ற பாகுபாடு என்கிறது 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். பார்வையில்லாதவருக்கு அந்த நாய் அப்படி ஒரு துணை. அவரிடம் போய் நாய்க்கு நூறு ராண்ட் என்று கேட்பவர் சட்டத்தோடு மோதுகிறார்.

எப்படி வாங்குகிறார்கள் என்பதில்தான் நமக்குப் பிடி உண்டு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, விலையை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், காட்டிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த முதல் முகாமின் பதிவுப் பக்கத்தில் நாய் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. 'நாய்கள் வரவேற்கப்படுகின்றன' என்று ஒரு படம் மட்டும். கிளம்புகிற அன்று மேலாளரிடம் செல்பேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சட்டப் பிரிவெல்லாம் சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, ஓர் இரவுக் காசைத் திருப்பிக் கொடுத்தார். இன்னோர் இரவுக்கும் கேட்டிருக்கலாம். மனைவி வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

வாட் வரி பிடிக்கிற முகாம் என்றால், அறிவிக்கும் விலையில் அந்த 15 சதவீதமும் சேர்ந்திருக்க வேண்டும். அதே நுகர்வோர் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முன்பதிவை ரத்து செய்தால் நியாயமான தொகையைத்தான் பிடித்துக்கொள்ளலாம். நாய்க்காகக் கட்டியதும் முன்பதிவின் ஒரு பகுதிதான். நகராட்சி நடத்தும் கேரவன் பார்க் என்றால் கதை வேறு. அங்கே நாய்க் கட்டணம்கூட ஆண்டு வரவுசெலவோடு மன்றத்தில் நிறைவேற வேண்டும். ஜூலை 1இல் புது விலை வரும். அதற்கு முன்னால் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். நாய்க் கட்டணத்துக்காக ஒருவரும் எழுதிப்போட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பலர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. கட்டணம் கட்டிவிட்டால் நாய் ஏதாவது செய்தால் முகாம் பொறுப்பு என்று நினைப்பது. இங்கே நடப்பது ரோமானிய-டச்சுச் சட்டம். வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் சாதுவான இயல்பை மீறி ஒருவருக்குக் காயம் செய்தால், சொந்தக்காரர் தவறு செய்தாரா என்று பார்க்காமலே அவர் பொறுப்பு. ஜெஃப்ரீஸ் பேயில் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரை மூன்று நாய்கள் கடித்து அவர் ஒரு கையை இழந்தார். யாரோ அந்நியர் கேட்டைத் திறந்துவிட்டிருப்பார் என்று உரிமையாளர் வாதாடினார். 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முகாமில் மணி யாரையாவது கடித்தால் அது என் தலையில்தான் விடியும். நூறு ராண்ட் ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. முகாம்காரர் கயிறு, இரண்டு நாய் வரம்பு, சில இனங்களுக்குத் தடை என்று கையெழுத்து வாங்குவதற்கும் இதுதான் பின்னணி. தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டும்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மணி கோபித்துக்கொள்வான். எங்கள் மாகாணத்து முகாம்களில் வெர்வெட் குரங்குகள் கூடாரத்து ஜிப்பைத் திறந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போகும் அளவுக்குத் தேறியவை. மணி கட்டப்பட்டிருந்த எங்கள் வரிசைக்கு மட்டும் ஒரு குரங்கும் வரவில்லை. மூன்று ஸ்டாண்ட் தள்ளியிருந்த அக்கா, "உங்க நாயை எங்க பக்கம் கொஞ்சம் கட்டுங்களேன்" என்று கேட்டார். ஆக, மணிக்குக் கூலி நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கயிறு அறுந்து நாய் குரங்கைத் துரத்தினால் கதை தலைகீழாகும். குரங்கின் கோரைப்பல் நாயின் தோளைப் பிளாஸ்டிக் பைபோலக் கிழித்துவிடும்.

எங்கள் நான்காவது முகாம், மாகாணத்தின் உள்பகுதியான மிட்லண்ட்ஸில் ஒரு பண்ணை. அங்கே நாய்க்கு ஐம்பது ராண்ட்தான். ஆனால் பதிவு செய்யும்போதே தடுப்பூசி அட்டையின் படத்தைக் கேட்டார்கள். அதுவரை போன மூன்று இடங்களிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. குவாசுலு-நட்டாலில் வெறிநாய்க்கடி பல பத்தாண்டுகளாக வேரூன்றிய நோய். 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி கட்டாயம்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அரசு நடத்தும் தடுப்பூசி முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். 2024இல் மேற்கு கேப் கடற்கரையில் கடல்நாய்களுக்கே ரேபிஸ் வந்திருப்பது உறுதியானது. கடற்கரைக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள் கயிறை விடவே கூடாது என்று எச்சரித்தார்கள். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது என்கிற நோய் இது. நூறு ராண்டைக் கேட்கத் தெரிந்த முகாம்கள் அட்டையைக் கேட்கவில்லை என்பது இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

அந்தப் பண்ணையில் ஆட்டுப் பட்டி பக்கம் நாய் போகக் கூடாது, நாய்க்காரர்களுக்குத் தனி வரிசை, ஓடைக்குக் கீழே. பை பெட்டி நிறைந்திருந்தது. இருநூறு ராண்ட் முன்பணம் வாங்கினார்கள். கிளம்பும்போது பண்ணைக்காரரின் மகன் சைக்கிளில் வந்து புல்லை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான், மூன்று நாளில் பணம் கணக்குக்குத் திரும்பி வந்தது. முன்பணத்திலும் தகராறு வரும், குழி யார் நாய் தோண்டியது என்று. ஆனாலும் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஐம்பது ராண்ட் இடத்துக்கு, இருநூறு நம் ஒழுங்குக்கு, அட்டை ஊருக்கு. எது எதற்கு என்று தெரிந்தது. அங்கே யாரும் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துவிட்டுப் போகவில்லை. இருநூறு ராண்டை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை.

இப்போது இடம் பிடிக்கும்முன் நான் தொலைபேசியில் கேட்பது இவைதான்: நாய்க்கு இரவுக்கா, மொத்தத் தங்கலுக்கா? ஒன்றுக்கா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? அட்டை வேண்டுமா? வேலி எந்தப் பக்கம் இருக்கிறது? பதிலை அப்படியே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்வேன். அட்டை வேண்டாம் என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

இந்த வருடத் தீபாவளிக்கும் அதே பண்ணையில் சொல்லிவைத்தாயிற்று. அட்டையைப் படமெடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், மணியின் மூன்று வருடம் அந்த வாரத்துக்கு முந்தைய வாரத்தோடு முடிகிறது. சனிக்கிழமை ஊசிக்குக் கூட்டிப்போக வேண்டும்.